மார்ஃபினிலிருந்து டி-செரீன் வரை: சாலமன் ஸ்னைடரின் ஆய்வுப் பணி, ஒரு நிகழ்வு ஆய்வு

மனநல மருத்துவம் படித்து முடிப்பவர்களில் பெரும்பாலோர் நோயாளிகளைப் பார்க்கப் போகிறார்கள். சிலர் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறார்கள். சாலமன் ஸ்னைடர் ஆய்வுக்கூடத்துக்குப் போனவர். ஆனாலும் அவர் கையிலெடுத்த கேள்விகளில் பல மனநல வார்டிலிருந்தே வந்தவை. மார்ஃபின் மூளையில் எதைத் தொடுகிறது? மனச்சிதைவு மருந்தான ஹாலோபெரிடால் சில மில்லிகிராமில் செய்வதைச் செய்ய, அதே நோய்க்கான குளோர்புரோமசைனுக்கு ஏன் சில நூறு மில்லிகிராம் வேண்டியிருக்கிறது? ஒரே நோய்க்குத் தரும் இரண்டு மருந்துகளில் ஒன்று கைகால்களை விறைக்க வைக்கிறது, இன்னொன்று ஏன் வைப்பதில்லை? 1970-களில் இவற்றுக்குக் கிடைத்த விடைகளின் அடியில் ஒரே மேசைவேலைதான் இருந்தது: மூளையை அரைப்பது, கதிரியக்கக் குறியிட்ட மருந்தைக் கலப்பது, வடிகட்டுவது, கழுவுவது, எண்ணுவது. அந்த வேலை எப்படி நடந்தது, எங்கெல்லாம் சறுக்கும், அதிலிருந்து மூலக்கூறு உயிரியலுக்கு எப்படிப் பாதை திறந்தது என்பதையே இங்கே விரிவாகப் பார்க்கிறோம்.

பயிற்சிக் காலம்

ஸ்னைடர் 1938 டிசம்பர் 26-ல் வாஷிங்டனில் பிறந்தார். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 1962-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1963 முதல் 1965 வரை பெத்தெஸ்டாவில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தில் ஜூலியஸ் ஆக்செல்ராடின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். நரம்பு நுனியிலிருந்து வெளிவரும் நோர்அட்ரினலின் அதே நுனிக்குள் திரும்ப உறிஞ்சப்படுகிறது என்று காட்டியவர் ஆக்செல்ராட்; அந்த வழியிலான பணிக்காக 1970-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவரிடம் ஸ்னைடர் கற்ற முக்கியமான பாடம், மிகச் சிறிய அளவுப் பொருளை நொதியும் கதிரியக்க அணுவும் கொண்டு அளப்பது. திசுவில் உள்ள ஹிஸ்டமினை அளக்க அங்கே உருவான முறை இதற்கு எடுத்துக்காட்டு. ஹிஸ்டமினோடு ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்க்கும் நொதியைக் கொடுத்து, அந்த மெத்தில் தொகுதியில் கதிரியக்கக் குறியை வைத்தால், எவ்வளவு குறி சேர்ந்தது என்பதிலிருந்து எவ்வளவு ஹிஸ்டமின் இருந்தது என்று கணக்கிடலாம்.

1965 முதல் 1968 வரை பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மனநல மருத்துவப் பயிற்சி. அந்தப் பயிற்சி நடக்கும்போதே, 1966-ல், அங்கே மருந்தியல் துறையில் ஆசிரியரானார். 1970-ல், 31 வயதில், முழுப் பேராசிரியர்.

1971: பணம் வந்தது, முறை வரவில்லை

வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களிடையே ஹெராயின் பழக்கம் பரவியதை ஒட்டி 1971 ஜூனில் அதிபர் நிக்சன் போதைப்பொருளுக்கு எதிராகப் போர் அறிவித்தார். அதற்கென அமைந்த சிறப்பு அலுவலகத்தின் முதல் தலைவர் மனநல மருத்துவர் ஜெரோம் ஜாஃபி. ஆய்வு மையங்களுக்கு நிதி ஒதுக்கப்பட்டது, ஹாப்கின்ஸுக்கும் கிடைத்தது.

ஓபியேட் என்னும் மார்ஃபின் வகை மருந்துகளுக்கு மூளையில் ஏற்பி, அதாவது மருந்து போய்ப் பொருந்தும் புரதம், இருக்க வேண்டும் என்பதில் அப்போதே யாருக்கும் பெரிய சந்தேகமில்லை. எட்டார்ஃபின் போன்ற மருந்து மார்ஃபினைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வீரியம் உள்ளது. அத்தனை குறைந்த அளவில் வேலை செய்ய வேண்டுமானால் அது குறிப்பிட்ட இடத்தில் போய்ப் பொருந்தியாக வேண்டும். இடஞ்சுழி வடிவமான லெவோர்ஃபனால் வலி போக்கும், அதன் கண்ணாடிப் பிம்பமான டெக்ஸ்ட்ரோர்ஃபன் போக்காது. நைட்ரஜனில் உள்ள மெத்தில் தொகுதியை எடுத்துவிட்டு அல்லைல் தொகுதியை வைத்தால் ஆக்ஸிமார்ஃபோன் நலாக்ஸோனாகிறது, அதாவது மருந்து அதன் முறிமருந்தாக மாறுகிறது. இவ்வளவு மறைமுகச் சான்று இருந்தும் ஏற்பியை நேரில் அளக்க முடியவில்லை.

ஸ்டான்ஃபோர்டில் அவ்ரம் கோல்ட்ஸ்டீன் 1971-ல் அதற்கான தர்க்கத்தை வகுத்துக் கொடுத்தார். குறியிட்ட லெவோர்ஃபனாலை மூளைக் கூழோடு மூன்று விதமாகக் கலக்க வேண்டும்: தனியாக, குறியில்லாத டெக்ஸ்ட்ரோர்ஃபனை மிகுதியாகச் சேர்த்து, குறியில்லாத லெவோர்ஃபனாலை மிகுதியாகச் சேர்த்து. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடுதான் வடிவம் பார்த்து ஒட்டியது. தர்க்கம் சரியானது, இன்றும் அதுவே அடிப்படை. ஆனால் அவருக்கு அப்படி ஒட்டியதாகக் கிடைத்தது மொத்தத்தில் 2 விழுக்காடுதான். மீதி 98 விழுக்காடும் கொழுப்பிலும் புரதத்திலும் கண்டபடி ஒட்டியது.

ஏன் அப்படி என்பதை எண்களில் பார்த்தால்தான் விளங்கும். மூளைத் திசு ஒரு கிராமில் ஒரு வகை ஏற்பி 20 பிகோமோல் இருப்பதாகக் கொள்வோம். 10 மில்லிகிராம் திசுவில் அது 0.2 பிகோமோல். மருந்து மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒரு ட்ரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) அணு முழுமையாக இருந்தால் ஒரு மில்லிமோலுக்குச் சுமார் 29 கியூரி கிடைக்கும். அது ஒரு பிகோமோலுக்கு நிமிடத்தில் ஏறத்தாழ 64,000 சிதைவு. ஏற்பிகள் எல்லாம் நிரம்பினால் 0.2 பிகோமோலுக்குச் சுமார் 13,000 சிதைவு. எண்ணியின் திறன் 40 விழுக்காடு என்றால் திரையில் 5,000 வரும். இதை நம்பி அளக்கலாம். குறியீடு 100 மடங்கு மங்கலாக இருந்தால் அதே ஏற்பியிலிருந்து 50 எண்ணிக்கைதான் வரும். எண்ணியின் பின்னணி இரைச்சலே 20, 30 இருக்கும். எண்ணிக்கையை உயர்த்துவதற்காக மருந்தைக் கூட்டினால், நானோமோலாரில் நிரம்பிவிடும் ஏற்பி அதற்குமேல் எதையும் ஏற்காது. கண்டபடி ஒட்டுவதோ போட்ட அளவுக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகும். மைக்ரோமோலார் அளவில் மருந்து போட்ட எவருக்கும் 2 விழுக்காடுக்கு மேல் கிடைத்திருக்காது.

1972–73: காண்டஸ் பெர்ட்டின் சோதனை

இதைத் தீர்க்க இரண்டு விஷயங்கள் ஒன்றுசேர வேண்டியிருந்தது: பிரகாசமாகக் குறியிட்ட மருந்து, ஒட்டாததை நொடிகளில் கழுவித் தள்ளும் முறை. இரண்டாவது பக்கத்திலேயே இருந்தது. ஹாப்கின்ஸில் பெத்ரோ குவாத்ரகாசாஸ் இன்சுலின் ஏற்பியை அளக்க வெற்றிட உறிஞ்சலோடு கூடிய வடிகட்டலைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். ஸ்னைடரும், ஸ்னைடரிடம் முனைவர் பட்ட ஆய்வு மாணவியாகச் சேர்ந்திருந்த காண்டஸ் பெர்ட்டும் அதை ஓபியேட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

முதலில் குறியிட்ட டைஹைட்ரோமார்ஃபினோடு முயன்றதில் பலன் இல்லை. பெர்ட் பிறகு நலாக்ஸோனுக்கு மாறினார். இந்த மாற்றமே எல்லாவற்றையும் தீர்த்தது. அதன் காரணத்தின் ஒரு பகுதியை 1973-ல் கவின் பாஸ்டர்னாக்கோடு சேர்ந்து அவர்களே கண்டார்கள்: சோடியம் அயனி இருந்தால் நலாக்ஸோன் போன்ற தடுப்பு மருந்துகள் கூடுதலாக ஒட்டும், மார்ஃபின் போன்ற தூண்டும் மருந்துகள் வெகுவாகக் குறைந்து ஒட்டும். ஆகவே உப்பு எவ்வளவு இருந்தாலும் தடுப்பு மருந்து ஆய்வாளரைக் கைவிடாது. இன்றும் புதிய ஏற்பி ஒன்றுக்கு முறை அமைப்பவர் தூண்டுமருந்தை விட்டுவிட்டு, வீரியமான தடுப்பு மருந்து ஒன்றை எடுத்துத் தொடங்குவதே நல்லது.

நடைமுறை இப்படிப் போகும். எலியின் மூளையை எடுத்ததும் சிறுமூளையைத் தனியே வெட்டி ஒதுக்க வேண்டும். எலியின் சிறுமூளையில் இந்த ஏற்பி அநேகமாக இல்லை. அதைச் சேர்த்து அரைத்தால் இரைச்சல்தான் கூடும். ஒதுக்கியதை வீசிவிடவும் கூடாது, ஏற்பி இல்லாத திசு என்ன காட்டும் என்று ஒப்பிட அதுவே சிறந்த சான்று. மீதியை 50 மில்லிமோலார் டிரிஸ் தாங்கல் கரைசலில், அமிலத்தன்மை (pH) 7.4 என்ற அளவில் வைத்து அரைக்க வேண்டும். ஒரு வரிசைக் குழாய்களில் லெவோர்ஃபனாலும் இன்னொரு வரிசையில் அதே அளவு டெக்ஸ்ட்ரோர்ஃபனும் முன்கூட்டியே சேர்த்துச் சில நிமிடம் விட்டபின், நானோமோலார் அளவில் குறியிட்ட நலாக்ஸோனைச் சேர்க்க வேண்டும். 35 பாகையில் 15 நிமிடம். பிறகு குழாய்களைப் பனிக்கட்டியில் வைத்துக் குளிர்வித்து, கண்ணாடியிழை வடிதாளின் மேல் ஊற்றி, வெற்றிடத்தில் உறிஞ்சி, பனிக்குளிர்ந்த கரைசலால் இரண்டு முறை விறுவிறுவெனக் கழுவ வேண்டும். வடிதாளை ஒளிர்வுத் திரவத்தில் போட்டு எண்ணியில் வைத்தால் முடிந்தது.

கழுவும் நேரம்தான் உயிர்நாடி. ஏற்பியில் ஒட்டிய மருந்தும் கழன்றுகொண்டே இருக்கும். பிடிமானம் 1 நானோமோலார் (எண் சிறிதானால் பிடி இறுக்கம்) என்றால், இணையும் வேகத்தை வழக்கமான மதிப்பில் வைத்துக் கணக்கிட, ஒட்டியதில் பத்தில் ஒரு பங்கு கழல்வதற்குள் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் கையில் இருக்கிறது. 10 நானோமோலார் என்றால் 10 நொடி. 100 நானோமோலார் என்றால் ஒரு நொடி. வடிகட்டல் அதற்கு உதவாது, மையவிலக்கியைத்தான் நாட வேண்டும். பனிக்குளிர்ச்சி இந்த அவகாசத்தை நீட்டித் தருகிறது என்பதால்தான் கரைசல் பனிக்கட்டியிலேயே இருக்க வேண்டும். கழுவும் குடுவையை மேசைமேல் மறந்து வைத்துவிட்டால் பிற்பகலில் செய்த குழாய்கள் காலையில் செய்தவற்றைவிடக் குறைவாகக் காட்டும். காரணம் தெரியாமல் அதைத் திசுவின் கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. நிரம்பும் தன்மை, குறியில்லாத மருந்தால் விலகும் தன்மை இரண்டும் இருந்துவிட்டால் ஏற்பி என்று முடிவுகட்டக் கூடாது. குவாத்ரகாசாஸும் மோர்லி ஹாலன்பர்கும் 1975-ல் டால்க் பொடியில்கூட இன்சுலின் நிரம்பும்படியும் விலகும்படியும் ஒட்டுவதைக் காட்டினார்கள். அதனால் திசுவே இல்லாத வெறும் வடிதாளை ஒவ்வொரு நாளும் ஒருமுறை எண்ண வேண்டும். திசுவை இரட்டித்தால் எண்ணிக்கை இரட்டிக்க வேண்டும். கொதிக்க வைத்தால் மறைய வேண்டும். சேர்த்த மருந்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒட்டிவிட்டால் கரைசலில் மீந்திருக்கும் அளவு மாறிவிடும், கணக்கு பொய்க்கும். நேர்மின்னூட்டம் உள்ள மருந்து வடிதாளிலேயே ஒட்டிக்கொண்டால், வடிதாளைப் பாலிஎத்திலீனிமின் 0.3 விழுக்காட்டுக் கரைசலில் முன்பே ஊறவைப்பது பிற்காலத்தில் வழக்கமானது.

இவையெல்லாவற்றையும்விட வலுவான சான்று, மருந்துகளின் வரிசை. 1973 மார்ச்சில் சயன்ஸ் இதழில் வந்த பெர்ட்–ஸ்னைடர் கட்டுரையின் அட்டவணையே அதன் உயிர். லெவோர்ஃபனால் 2 நானோமோலாரில் நலாக்ஸோனைப் பாதியாக விலக்கியது. டெக்ஸ்ட்ரோர்ஃபனுக்கு 8,000 தேவைப்பட்டது. 4,000 மடங்கு வேறுபாடு. செரோடோனின், நோர்அட்ரினலின், ஃபீனோபார்பிட்டால் எதுவும் அசைக்கவில்லை. கோடீன் மட்டும் முரண்பட்டது போலத் தெரிந்தது: மனிதனுக்கு வலிபோக்கும் மருந்து, இங்கே ஏறத்தாழ ஒட்டவேயில்லை. ஆனால் கோடீன் உடலுக்குள் கல்லீரலில் மார்ஃபினாக மாறியபின்தான் வேலை செய்கிறது. அரைத்த மூளையில் கல்லீரல் நொதி இல்லை. முரண்பாடாகத் தெரிந்ததே இந்த முறை சரியான இடத்தை அளக்கிறது என்பதற்குச் சான்றாகிவிட்டது.

அதே ஆண்டில் நியூயார்க்கில் எரிக் சைமன் எட்டார்ஃபினைக் கொண்டும், ஸ்வீடனின் உப்சாலாவில் லார்ஸ் டெரேனியஸும் தனித்தனியே இதே முடிவை அடைந்தார்கள். பெர்ட்டும் ஸ்னைடரும் மைக்கேல் கூஹரோடு சேர்ந்து குரங்கின் மூளையைப் பகுதி பகுதியாக வெட்டி அளந்தபோது, அமிக்டலா, ஹைப்போதலாமஸ், தலாமஸின் உட்பகுதி, நடுமூளைக் குழாயைச் சுற்றிய சாம்பல் பகுதி ஆகியவற்றில் ஏற்பி மிகுந்திருந்தது. வலியையும் உணர்ச்சியையும் கையாளும் இடங்கள் இவை.

மூளைக்குள் மார்ஃபின் தரும் பாப்பிச் செடி கிடையாது, பிறகு இந்த ஏற்பி எதற்கு? ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளைச் சாற்றிலிருந்து 1975-ல் அதற்கு விடை தந்தார்கள். மூளையே உண்டாக்கும் மார்ஃபின் போன்ற பொருள்கள், ஐந்தைந்து அமினோ அமிலம் கொண்ட இரண்டு என்கெஃபலின்கள். கடைசி அமினோ அமிலம் ஒன்றில் மெத்தியோனின், மற்றதில் லூசின். சுண்டெலியின் விந்துக்குழலும் கினி எலியின் குடலும் சுருங்குவதை அவை தடுப்பதை வைத்தே அளந்தார்கள். ஸ்னைடர் கூடத்தில் ரபி சிமன்டோவ் கன்றுக்குட்டி மூளையிலிருந்து அதே பொருளைப் பிரித்தபோது அளவுகோலாக இருந்தது குறியிட்ட மருந்து விலகும் அளவு. வெவ்வேறு அளவுகோல்கள் ஒரே மூலக்கூறில் வந்து நின்றன.

1978-ல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ ஆய்வுப் பரிசான லாஸ்கர் பரிசு ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ், ஸ்னைடர் மூவருக்கும் கிடைத்தது. 1973 கட்டுரையின் முதல் ஆசிரியரான பெர்ட்டுக்குக் கிடைக்கவில்லை. அவர் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார், விவாதம் நீண்டது. ஆய்வுக்கூடத் தலைவரின் பார்வையும் நிதியும் முக்கியம்தான். ஆனாலும் நலாக்ஸோனைக் கையிலெடுத்து, அந்தக் குழாய்களைக் கழுவி எண்ணியவரை விட்டுவிட்டு அந்தப் பரிசுப் பட்டியல் முழுமையாக இருந்தது என்று சொல்ல முடியாது.

டோப்பமின்: வார்டின் கேள்விக்கு மேசையின் விடை

மனச்சிதைவு மருந்துகள் டோப்பமின் என்ற நரம்புக் கடத்தியைத் தடுக்கின்றன என்று ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் 1963-லேயே ஊகித்திருந்தார். அதை அளக்கப் பால் கிரீன்கார்டின் குழு கண்ட முறை 1972-ல் வந்தது: டோப்பமின் சேர்த்தால் திசுவில் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்திப் பொருள் கூடும், மருந்து அதைத் தடுக்கும். குளோர்புரோமசைன் வகை மருந்துகளுக்கு இது பொருந்தியது. ஹாலோபெரிடாலுக்கு வந்தபோது இடறியது. வார்டில் குளோர்புரோமசைனைவிடப் பல பத்து மடங்கு வீரியமான மருந்து, சோதனைக் குழாயில் அதைவிடப் பலவீனமாகத் தெரிந்தது. டோப்பமின் கருத்தே தவறோ என்ற ஐயம் எழுந்தது.

1975-ல் டொரன்டோவில் ஃபிலிப் சீமன் குழுவும், பால்டிமோரில் இயன் க்ரீஸ், டேவிட் பர்ட், ஸ்னைடர் மூவரும் ஹாலோபெரிடாலுக்கே ட்ரிட்டியக் குறியிட்டு, மூளையில் டோப்பமின் மிகுந்த ஸ்ட்ரையேட்டம் பகுதித் திசுவில் ஒட்ட வைத்தார்கள். பிறகு ஒவ்வொரு மருந்தும் எந்த அளவில் அதைப் பாதியாக விலக்குகிறது என்று அளந்தார்கள். 1976-ல் இரு குழுக்களும் வெளியிட்ட வரைபடங்கள் ஏறத்தாழ ஒன்றே: ஓர் அச்சில் நோயாளிக்குத் தரும் தினசரி அளவு, மறு அச்சில் விலக்கத் தேவைப்படும் அளவு. ஸ்பைப்பெரோன் ஒரு முனையில், புரோமசைன் மறுமுனையில், நடுவே ஹாலோபெரிடாலும் குளோர்புரோமசைனும். ஆயிரம் மடங்கு வீச்சில் புள்ளிகள் ஒரே கோட்டில் வந்தன. சைக்ளிக் ஏஎம்பி முறை ஏன் இடறியது என்பது 1979-ல் தெளிந்தது. டோப்பமின் ஏற்பி இரண்டு வகை. அந்த முறை அளந்தது டி1 வகையை, மருந்துகள் பிடிப்பது டி2 வகையை. டி2-வின் மரபணு 1988-ல் நகலெடுக்கப்பட்டது.

இந்தக் கோட்டை உயிரியல் மனநல மருத்துவத்தின் பெரிய சாதனைகளில் ஒன்று என்று சொல்வது நியாயமே. ஆனால் அது எதைச் சொல்கிறது என்பதில் கவனம் வேண்டும். மருந்து எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று அது சொல்கிறது. நோய் எங்கே தொடங்குகிறது என்று சொல்லவில்லை. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளை நிறுவனங்கள் தேர்ந்தெடுத்ததே, டோப்பமினைக் கூட்டும் ஆம்ஃபெட்டமின் கொடுத்த விலங்கின் நடத்தையை அடக்குகிறதா என்று பார்த்துத்தான். அதாவது டோப்பமினைத் தடுப்பவை மட்டுமே அந்தப் பட்டியலுக்குள் வர முடிந்தது. ஏற்பி சில மணி நேரத்தில் அடைபடுகிறது, பிரமைகள் தணிய வாரக்கணக்காகிறது. கோட்டில் அதற்கு விளக்கம் கிடையாது. இறந்த நோயாளிகளின் மூளையில் டி2 கூடியிருந்ததாக வந்த முடிவுகளையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நீண்ட நாள் ஹாலோபெரிடால் கொடுத்தாலே எலிகளில் டோப்பமின் ஏற்பி கூடுகிறது என்று 1977-ல் பர்ட், க்ரீஸ், ஸ்னைடர் மூவரும் காட்டியிருந்தார்கள்.

பக்கவிளைவுகளில் இந்த முறை தந்த பலன் இன்னும் நேரடியானது. ஸ்னைடர் கூடத்தில் ஹென்றி யமமுரா 1974-ல் க்யூஎன்பி என்ற மருந்துக்குக் குறியிட்டு அசெட்டைல்கொலின் என்ற நரம்புக் கடத்தியின் மஸ்கரினிக் வகை ஏற்பியை அளந்தார். மனச்சிதைவு மருந்துகளை அதில் வரிசைப்படுத்தியபோது, குளோசப்பினும் தயோரிடசினும் மஸ்கரினிக் ஏற்பியை வலுவாகப் பிடித்தன, ஹாலோபெரிடால் மிகப் பலவீனமாகப் பிடித்தது. கைகால் விறைப்பும் நடுக்கமும் இதற்கு நேர் எதிர் வரிசையில் வந்தன. டோப்பமின் தடுப்பால் வரும் விறைப்பை மருந்துக்குள்ளேயே இருக்கும் மஸ்கரினிக் தடுப்பு ஓரளவு சரிசெய்கிறது. மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின் சாப்பிடுபவருக்கு வாய் உலர்வதும் மலச்சிக்கலும் முதியவருக்குச் சிறுநீர் அடைப்பும் ஏன் என்பதற்கும் இதே அளவீடு விடை தந்தது. ஹிஸ்டமின் எச்1 ஏற்பியைப் பிடிப்பது தூக்கக் கலக்கத்துக்கும், ஆல்ஃபா-1 ஏற்பியைப் பிடிப்பது எழுந்ததும் தலைசுற்றுவதற்கும் கணக்குச் சொல்லின. ஒரு புதிய மருந்தை மனிதனுக்குக் கொடுக்கும் முன்பே வரிசையாக ஏற்பிகளில் சோதித்துப் பக்கவிளைவைக் கணிப்பது இன்று மருந்து நிறுவனங்களின் அன்றாட வேலை. செரோடோனின் ஏற்பியை 5-எச்டி1, 5-எச்டி2 என்று பிரித்ததும் இதே கூடம்தான், ஸ்டீவன் பெரூட்காவின் கையால், 1979-ல்.

நைட்ரிக் ஆக்சைடு: நொதியைப் பிடித்த கதை

1980-ல் ஹாப்கின்ஸில் நரம்பியல் அறிவியல் துறை தொடங்கியபோது ஸ்னைடர் அதன் தலைவரானார். 2006 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்தப் பத்தாண்டில் வேலையின் தன்மை மாறியது. ஒட்டும் இடத்தை எண்ணுவதோடு நில்லாமல், புரதத்தைத் தனியே பிரித்து அதன் மரபணுவை எடுப்பது இலக்கானது. 1988-ல், உயிரணுவுக்குள் செய்தி கடத்தும் ஐபி3 என்ற பொருளின் ஏற்பியைச் சிறுமூளையிலிருந்து ஹெப்பாரின் பிடிமானத்தால் பிரித்தார்கள். அடுத்த ஆண்டு அதைச் செயற்கைக் கொழுப்புக் குமிழில் பதித்து, அந்தப் புரதமே கால்சியத்தை விடும் வாய்க்கால் என்று காட்டினார்கள்.

1988-ல் ஜான் கார்த்வெயிட், நரம்புக் கடத்தியான குளூட்டமேட் தூண்டிய சிறுமூளை உயிரணுக்கள் இரத்தநாளத்தைத் தளர்த்தும் ஒரு பொருளை வெளிவிடுவதைக் கண்டார். அது நைட்ரிக் ஆக்சைடு. சில நொடிகளே நிலைக்கும் வாயுவை எப்படி அளப்பது? மருத்துவமும் முனைவர் பட்டமும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்த டேவிட் ப்ரெட் வாயுவை விட்டுவிட்டு அதன் துணைவிளைபொருளை அளந்தார். நொதி ஆர்ஜினினை உடைக்கும்போது நைட்ரிக் ஆக்சைடோடு சிட்ருலினும் அதே எண்ணிக்கையில் பிறக்கிறது. ஆர்ஜினினுக்கு நேர்மின்னூட்டம் உண்டு, சிட்ருலின் நடுநிலை. ட்ரிட்டியக் குறியிட்ட ஆர்ஜினினை நொதியோடு வைத்து, அமிலத்தன்மை 5.5-ல் குளிர்ந்த கரைசலால் நிறுத்தி, டோவெக்ஸ் நேர்மின் பிடிப்புப் பிசின் நிரப்பிய குழாயில் ஊற்றினால் ஆர்ஜினின் பிசினில் தங்கிவிடும், கீழே வடிவது சிட்ருலின். அதை எண்ணினால் போதும். நிறுத்தும் கரைசலில் ஈடிடிஏ இருப்பது கால்சியத்தைக் கட்டி நொதியை அந்த நொடியிலேயே அணைப்பதற்காக. அதை விட்டுவிட்டால் முதல் குழாயை ஊற்றும்போதே கடைசிக் குழாய் வேலை செய்துகொண்டிருக்கும்.

பிரிக்கத் தொடங்கியதும் இடறல் வந்தது. அயனிப் பிரிப்புக் குழாய் ஒன்றில் ஓட்டியதும் நொதியின் வேலை மறைந்தது. இத்தகைய நேரத்தில் புரதம் சிதைந்துவிட்டது என்று முடிவு செய்து கைவிடுவது எளிது. ஆனால் வேலை மறைய இன்னொரு காரணமும் உண்டு: நொதிக்குத் தேவையான துணைப்பொருள் ஒன்று வேறு பின்னத்தில் (பிரித்தெடுத்த வேறு பகுதியில்) போய்விட்டிருக்கலாம். பின்னங்களைத் திரும்ப ஒன்றோடொன்று கலந்து பார்ப்பதே அதற்கான சோதனை. அந்தத் துணைப்பொருள், கால்சியத்தைப் பிடிக்கும் கால்மோடுலின் என்ற சிறு புரதம். அதைச் சேர்த்ததும் வேலை திரும்பியது. கால்சியம் உள்ளே வந்தவுடன் நரம்பணு ஏன் வாயுவை உண்டாக்குகிறது என்பதற்கும் அந்த இடறலே விளக்கம் தந்துவிட்டது. பிறகு என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருளைப் பயன்படுத்தும் நொதிகளைப் பிடிக்கும் பிசினில் நொதியை ஒட்ட வைத்து, என்ஏடிபிஎச்-ஐயே ஊற்றிக் கழற்றினார்கள். சுமார் 150 கிலோடால்டனில் ஒற்றைப் பட்டை. 1990-ல் வெளியானது, மறு ஆண்டே மரபணு கிடைத்தது, எலியில் 1,429 அமினோ அமிலம்.

வரிசையைப் படித்தபோது கால்மோடுலின், எஃப்ஏடி, எஃப்எம்என், என்ஏடிபிஎச் ஆகிய துணைப்பொருள்கள் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. 1960-களிலிருந்தே நுண்ணோக்கியில் நீலமாகச் சாயமேறும் சில நரம்பணுக்களைத் திசுவியலாளர்கள் அறிவார்கள். ஹன்டிங்டன் நோயில் சுற்றியுள்ளவை அழியும்போது இவை தப்பிப்பதையும் அறிவார்கள். சாயமேற்றும் அந்த என்ஏடிபிஎச் டயஃபரேஸ் இந்த நொதியேதான் என்று 1991-ல் தெரிந்தது.

பால் ஹுவாங்கும் மார்க் ஃபிஷ்மனும் இந்த மரபணு இல்லாத சுண்டெலிகளை 1993-ல் உருவாக்கினார்கள். உடனே தெரிந்தது வயிறு: இரைப்பையின் வாயில் தளராமல் வயிறு பெருத்திருந்தது. நடத்தை பிறகே கண்ணில் பட்டது. ஒரே கூண்டில் வைத்த ஆண் சுண்டெலிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறின. பெண்களிடம் அது இல்லை. 1995-ல் நேச்சர் இதழில் வந்த இந்த முடிவைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. கருவிலிருந்தே மரபணு இல்லாத விலங்கின் மூளை வேறு விதமாக வளர்ந்திருக்கலாம். அதனால் வளர்ந்த சாதாரணச் சுண்டெலிக்கு அந்த நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் ஆக்ரோஷம் கூடியது. ஒரு மரபணுவை ஒரு நடத்தையோடு இணைத்துப் பேசும் எவரும் இந்த இரண்டாவது சோதனையைச் செய்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

டி-செரீன்

உயிரினங்களின் புரதங்களில் இருப்பவை இடக்கை வடிவ அமினோ அமிலங்கள் என்பது பாடநூல் விதி. 1992-ல் அட்சுஷி ஹாஷிமோட்டோ பாலூட்டி மூளையில் வலக்கை வடிவமான டி-செரீன் கணிசமாக இருப்பதைக் கண்டார். ஸ்னைடர் கூடத்தில் மைக்கேல் ஷெல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி, குளூட்டமேட் பிடிக்கும் என்எம்டிஏ ஏற்பி மிகுந்த இடங்களை ஒட்டிய ஆஸ்ட்ரோசைட்டுகளில் (நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் உயிரணுக்கள்) அது இருப்பதாக 1995-ல் காட்டினார். 1999-ல் ஹெர்மன் வொலோஸ்கர் எல்-செரீனை டி-செரீனாக மாற்றும் செரீன் ரேசமேஸ் நொதியைப் பிரித்து மரபணுவை எடுத்தார். டி-செரீனை அழிக்கும் நொதியைச் சேர்த்தால் என்எம்டிஏ ஏற்பியின் மின்னோட்டம் குறைந்தது. குளூட்டமேட் மட்டும் போதாது, துணையாக டி-செரீனும் வேண்டும் என்பது உறுதியானது. ஆஸ்ட்ரோசைட்டா நரம்பணுவா என்ற கேள்வியில் பின்னாளில் திருத்தம் வந்தது: மரபணு நீக்கிய சுண்டெலிகளைச் சான்றாக வைத்துச் சோதித்தபோது, நொதி பெரும்பாலும் நரம்பணுக்களில்தான் இருந்தது. எதிர்ப்பொருள் காட்டும் நிறத்தை, இலக்குப் புரதமே இல்லாத திசுவில் சோதிக்காமல் நம்பக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மனநலத்தோடு உள்ள தொடர்பு இங்கே வெளிப்படை. என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் ஃபென்சைக்ளிடின் நலமானவரிடமும் மனச்சிதைவை ஒத்த நிலையை உண்டாக்கும்; வெறும் டோப்பமின் விளக்கத்தில் அடங்காத பேச்சுக் குறைவையும் ஒதுங்கலையும்கூட உண்டாக்கும். ஆகவே டி-செரீனைக் கூட்டினால் என்ன? உடல் எடை ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம், அதாவது நாளுக்குச் சுமார் 2 கிராம், வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்த 1998 சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது. அடுத்து வந்தவை ஒரே மாதிரியாக இல்லை. சிறுநீரகத்தில் டி-அமினோ அமில ஆக்சிடேஸ் நொதி மிகுதி. கொடுத்ததில் பெரும்பகுதியை அது அழித்துவிடும், எலிகளில் சிறுநீரகச் சிதைவும் காணப்பட்டது. அந்த ஏற்பிக்கு உதவும் கிளைசினை வேறு வழியில் கூட்ட முயன்ற பிட்டோபெர்டின் என்ற மருந்து 2014-ல் மூன்றாம் கட்டச் சோதனைகளில் தோற்றது.

அதற்கு மாறாக, 1974-ல் யமமுரா எண்ணிய மஸ்கரினிக் ஏற்பி மறுபடி முன்னுக்கு வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சனோமெலின், ட்ரோஸ்பியம் இரண்டும் சேர்ந்த மருந்தை மனச்சிதைவுக்கு அனுமதித்தது. சனோமெலின் மூளையில் மஸ்கரினிக் எம்1, எம்4 ஏற்பிகளைத் தூண்டுகிறது. அதே ஏற்பிக் குடும்பம் குடலிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் தூண்டப்பட்டால் வாந்தியும் உமிழ்நீர்ப் பெருக்கும் வரும். ட்ரோஸ்பியம் அதைத் தடுக்கிறது, ஆனால் மின்னூட்டம் கொண்ட மூலக்கூறு என்பதால் மூளைக்குள் போவதில்லை. 1976-ன் கோட்டில் இந்த மருந்துக்கு இடமில்லை. அது டி2 ஏற்பியைப் பிடிப்பதே கிடையாது.